ஒரு சுழி குறைகிறது

கேள்வி: பிடித்த படத்தை நினைத்தாலே, காட்சிக்கு முன்னால் அதன் பின்னனி இசைதான் காதில் ஒலிக்கிறது. அப்படியானால் நாம் விரும்புவது படத்தையா, இசையையா? – 'இசைப்பிரியன்'

பதில்: முதலில் சுழிக் கணக்கை முடித்துவிடுவோம். 'பின்னனி' அல்ல, பின்னணி. பின் + அணி. அணிக்கு மூன்று சுழி. இரண்டு சுழி போட்டு நீங்கள் உள்ளே விட்டிருக்கும் அந்த 'அனி' யாரென்று தெரியவில்லை. வாரத்துக்கு நாலு கடிதத்திலாவது வந்து நிற்கிறார். இரட்டித்த ன மட்டும் சரி: தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும். 'பின்' தனியாக இருக்கும்வரை ஒரு ன். அணி சேர்ந்ததும் இரண்டு. சந்தி இலக்கணம் எழுதியவர் சினிமாவே பார்க்காமல் ரீரெக்கார்டிங்குக்கும் (பின்னணி இசை சேர்க்கும் வேலைக்கும்) விதி எழுதிவிட்டார்.

சுழியைத் திருத்தினாலும் சொல் சரியாகிவிடாது. அந்த இசை எப்போது பின்னால் நின்றது? விமர்சனம் எழுதுகிறவர்கள் கடைசிப் பத்தியில் 'பின்னணி இசை படத்துக்குப் பலம்' என்று ஒரு வரி போட்டு நகர்ந்துவிடுவார்கள். அதை எழுதப் படம் பார்க்கவே வேண்டாம், போஸ்டர் போதும். எந்த வாத்தியம், எங்கே நுழைந்தது, எங்கே நின்றது என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

1975இல் வந்த, ஆள் தின்னும் சுறாவைப் பற்றிய 'ஜாஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் போட்டது அரை ஸ்வர இடைவெளியில் அடுத்தடுத்த இரண்டே ஸ்வரம். சுறா கண்ணுக்கு முழுதாகத் தெரிய வெகுநேரம் ஆகும். அதுவரை அந்த இரண்டு ஸ்வரம்தான் சுறா. நடுவில் இரண்டு சிறுவர்கள் பொய்யான சுறாத் துடுப்பை வைத்துக்கொண்டு கடற்கரையையே ஓடவிடுகிறார்கள். அங்கே அந்த இசை வராது. கூட்டம் ஏமாறுகிறது, இசை பொய் சொல்லவில்லை. இசையை நம்பலாம் என்று காது பழகிய பிறகு, போலீஸ் அதிகாரி சுறாவை இழுக்கத் தண்ணீரில் தீனி அள்ளிப் போடும்போது சுறா இசையே இல்லாமல் தலையைத் தூக்கும். தூக்கிவாரிப் போடுவது சுறாவால் மட்டுமல்ல.

உங்களுக்கு வந்திருக்கும் இதே நோய் டைரக்டர்களுக்கும் உண்டு. எடிட்டிங்கின்போது தற்காலிகமாக ஏதோ ஒரு பழைய இசையை ஒட்டிவைப்பார்கள். அதோடு நூறு தடவை பார்த்த பிறகு, புதிதாக எழுதி வந்தது எதுவும் பிடிக்காது. 1968இல் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'க்கு அலெக்ஸ் நார்த் எழுதிய இசை அப்படித்தான் வெளியே போனது, ஒட்டிவைத்த மேற்கத்திய செவ்வியல் இசையே படத்தில் நின்றுவிட்டது. 1960இல் 'சைக்கோ' குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றார் டைரக்டர் ஹிட்ச்காக். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்கவில்லை. வெறும் தந்தி வாத்தியங்களை வைத்து எழுதிக் காட்டி ஜெயித்தார்.

இதில் பாசத்தைவிடக் கணக்கு அதிகம். சினிமாவில் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப்படம். தாள வேகம் நிமிடத்துக்கு 120 என்றால் ஒரு தட்டுக்கு 12 பிரேம், 80 என்றால் 18. ஒரு பிரேம் சுமார் 42 மில்லிசெகண்ட். சத்தம் படத்தை ஒரு பிரேம் முந்தினாலே உறுத்தும். பிந்துவதானால் மூன்று பிரேம்வரை பொறுத்துக்கொள்வோம். மின்னலுக்குப் பிறகு இடி கேட்டுப் பழகிய காது. அதற்காக ஷாட் மாறும் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தட்டு வைத்தால் கார்ட்டூன் ஆகிவிடும். வசனத்தின் மேல் கிளாரினெட்டை ஓடவிட்டால் பேச்சோடு மோதும், மிக்ஸிங்கில் இசையைத்தான் இறக்குவார்கள். விவரம் தெரிந்தவர்கள் கீழே டபுள் பேஸ், மேலே வயலின் என்று வைத்து நடுவைக் காலியாக விடுவார்கள்.

படமா இசையா என்று நீங்களே பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்-வூஃபரும் உள்ள 5.1 செட்டில் வசனம் பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும். ஆம்பிளிபயரை அணைத்துவிட்டு அந்த ஒயரை மட்டும் கழற்றுங்கள். செட்டிங்கில் போய் சென்டர் இல்லை என்று வைக்காதீர்கள். வசனம் இடதுக்கும் வலதுக்கும் குடிபெயர்ந்துவிடும். சாதாரண டிவி ஸ்பீக்கரில் இது நடக்காது. பிடித்த படத்தில் ஒரு காட்சியை இப்படிக் கேளுங்கள், பிறகு மொத்தச் சத்தத்தையும் நிறுத்திவிட்டு அதே காட்சியைப் பாருங்கள். இசை எந்த இடத்தில் நின்றது என்று குறித்துக்கொண்டு எழுதுங்கள், மூன்று சுழியோடு.