விளையாட்டு வெற்றியில் இரட்சிப்பைக் காண முடியுமா? கபில்தேவை விட்டுவிட்டு சுனில் வால்சனைப் பாருங்கள்

1983 கிரிக்கெட் உலகக் கோப்பை மாதிரியான மறக்க முடியாத வெற்றிகளைப் பிரசங்கங்களில் இரட்சிப்போடு ஒப்பிடுகிறார்களே, அது உண்மையிலேயே பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொருந்தும். நன்றாகவே பொருந்தும். ஆனால் அநேகமாக எல்லாரும் தவறான ஆட்டக்காரரைக் காட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன். ஆற்காடு லுத்தரன் திருச்சபையில் வளர்ந்தவன். சபையின் வாலிபர் கூட்டத்தில் அவ்வப்போது பேசுகிறேன் என்பதால் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

வழக்கமாகக் காட்டப்படுபவர் அணியின் கேப்டன் கபில்தேவ். 1983 ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேயோடு ஆட்டம். 17 ரன்னுக்கு 5 விக்கெட் போய்விட்டது. கபில் தனியாக நின்று 175 அடித்தார், கடைசிவரை அவுட் ஆகவில்லை. ஒரு வாரம் கழித்து லார்ட்ஸில் வெறும் 183 ரன்னை வைத்துக்கொண்டு மேற்கிந்தியத் தீவுகளை 140-க்குச் சுருட்டினார்கள். இதைச் சொல்லிவிட்டு, "நீயும் சோர்ந்துபோகாதே, விசுவாசத்தோடு போராடு, ஜெயம் உனக்குத்தான்" என்று முடிப்பார்கள். நல்ல புத்திமதிதான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்குச் சொல்லலாம். இரட்சிப்பு என்று மட்டும் அதைச் சொல்லக் கூடாது. போராடியவனுக்குக் கிடைப்பதைக் கூலி என்றுதான் வேதத்தில் ரோமர் நிருபத்தின் 4-ஆம் அதிகாரம் கணக்கு வைக்கிறது. 9-ஆம் அதிகாரத்தில் அதை எழுதிய அப்போஸ்தலர் பவுல் இன்னும் வெளிப்படையாகவே எழுதுகிறார்: "விரும்புகிறவனாலும் அல்ல, ஓடுகிறவனாலும் அல்ல, இரங்குகிற தேவனாலேயாம்."

அதே அணியில் இன்னொருவர் இருந்தார். மொத்தம் 14 பேர் போனார்கள், 13 பேருக்கு ஏதாவது ஓர் ஆட்டத்தில் இடம் கிடைத்தது. சுனில் வால்சனுக்கு மட்டும் கிடைக்கவே இல்லை. இடது கை வேகப்பந்து வீச்சாளர், உள்ளூர்ப் போட்டிகளில் தமிழ்நாட்டுக்கும் ஆடியவர். இந்தியா ஆடிய எட்டு ஆட்டங்களிலும் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. அதற்கு முன்னும் பின்னும் இந்தியாவுக்காக ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆனாலும் அவர் உலகக் கோப்பை வென்றவர். கால்வாசி வென்றவர், அரைவாசி வென்றவர் என்று யாரும் எழுதுவதில்லை. பெயர் அணியில் இருந்தது, கேப்டன் ஜெயித்தார், வெற்றி இவருடையதும் ஆயிற்று. வாலிபர் கூட்டத்தில் கிருபையைப் பற்றி, அதாவது தகுதி பார்க்காமல் தேவன் காட்டும் தயவைப் பற்றி, பேச வேண்டியிருந்தால் நான் கபிலின் 175-ஐத் தொடுவதில்லை, நேரே வால்சனிடம் போய்விடுவேன். தாவீது, கோலியாத்து கதையிலும் அப்படித்தான். ஏலா பள்ளத்தாக்கில் கோலியாத்துக்குப் பயந்து நாற்பது நாளாக நடுங்கிக்கொண்டு நின்ற இஸ்ரவேலர் கூட்டத்தில்தான் நமக்கு இடம். கவண் தாவீதின் கையில், நம் கையில் இல்லை.

ஆனால் வால்சன் கதையிலும் ஒரு போதாமை இருக்கிறது. அவர் திறமையைப் பார்த்துத்தான் அணியில் எடுத்தார்கள். நம்மை எடுத்தது அப்படி இல்லையே. நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்றுதான் ரோமர் 5 சொல்கிறது. இந்த இடத்துக்குக் கிரிக்கெட்டில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. கபடியில்தான் கிடைத்தது.

எங்கள் கடலோரப் பக்கம் கபடி எப்படிப்பட்ட ஆட்டம் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு பையன் நன்றாக ஆடுவான். அவனிடம் ஒருநாள் கேட்டேன், "தம்பி, அவுட்டாகி வெளியே உட்கார்ந்தவன் திரும்ப உள்ளே வரணும்னா என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே. உள்ள இருக்கிற நம்மாளு பாயின்ட் எடுக்கணும். தொட்டு எடுத்தாலும் சரி, பிடிச்சு எடுத்தாலும் சரி. போனஸ்ல வராது. வரிசைப்படி கூப்பிடுவாங்க, அப்பதான் வரலாம்."

நான் இதைவிட நல்ல பிரசங்கம் கேட்டதில்லை. வெளியே உட்கார்ந்திருப்பவன் தன் தவறால்தான் அங்கே போனான். அங்கிருந்தபடி அவன் எவ்வளவு கத்தினாலும், எவ்வளவு வருத்தப்பட்டாலும், ஆட்டத்தில் அவனுக்கு உயிர் இல்லை. அவனுடைய ஆள் ஒருவன், ஒரே மூச்சைப் பிடித்துக்கொண்டு, தனியாக எதிரியின் பக்கம் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தால் இவனுக்கு உயிர். எபேசியர் 2-இல் "கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று எழுதுவதற்கு முன்னால், நீங்கள் அக்கிரமங்களினாலும் பாவங்களினாலும் மரித்தவர்களாயிருந்தீர்கள் என்றுதான் பவுல் தொடங்குகிறார். காயம்பட்டவர்கள், சோர்ந்தவர்கள் என்றெல்லாம் சொல்லவில்லை.

இன்னொரு விதியும் இருக்கிறது, எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. ரெய்டு போனவரை, அதாவது பாடிக்கொண்டு எதிரணிப் பக்கம் போனவரை, எதிரணி மொத்தமாக அமுக்கிவிட்டது என்று வையுங்கள். பார்ப்பவர்களுக்குக் கதை முடிந்தது. ஆனால் மூச்சு விடாமல், அத்தனை பேரும் பிடித்திருக்கும்போதே, அவர் ஊர்ந்து வந்து நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், அவரைப் பிடித்த அத்தனை பேரும் அவுட். பிடித்ததுதான் அவர்களுக்கு வினை. பெரிய வெள்ளி அன்று மரணம் இயேசுவைப் பிடித்தது. மரணத்தால் அவரைக் கட்டிவைக்க முடியவில்லை என்று அப்போஸ்தலர் 2-இல் பேதுரு சொல்வதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நடுக்கோடுதான் நினைவுக்கு வரும். கபடியில் மூச்சை விட்டால் ரெய்டு போனவர் அவுட். இயேசுவோ சிலுவையில் மெய்யாகவே கடைசி மூச்சை விட்டார், அதற்கு அப்புறம்தான் கோட்டைக் கடந்தார். அந்த அளவுக்கு எந்த ஆட்டமும் வராது.

"எல்லாம் கிருபை என்றால் நாம் சும்மா இருக்கலாமா, பவுலே ஓடச் சொல்கிறாரே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1 கொரிந்தியர் 9-இல் பந்தயச் சாலையில் ஓடுவதைப் பற்றிச் சொல்கிறார். கொரிந்து பட்டணத்துக்குப் பக்கத்திலேயே இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்ததால் அந்தச் சபைக்கு இது உடனே புரிந்திருக்கும். ஆனால் அவர் யாரிடம் சொல்கிறார்? ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்களிடம். கபடியிலும் உயிர் வந்தவன் போய் ஓரமாக நிற்பதில்லை. 2016 அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த கபடி உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பாதி நேரத்தில் ஈரான் 18, இந்தியா 13. அப்புறம் அஜய் தாக்கூர் ரெய்டு ரெய்டாகப் போய்ப் புள்ளிகளைக் கொண்டுவந்தார். கடைசியில் 38-29 என்று இந்தியா ஜெயித்தது. உள்ளே வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் பிடித்தார்கள், ஆடினார்கள். உயிர் முதலில், ஓட்டம் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் சுவிசேஷமே மாறிவிடும்.

ஒப்பீடு ஆபத்தாகும் இடங்களும் உண்டு. 2025 அக்டோபர் 30 அன்று மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஜெமிமா ரோட்ரிக்ஸ் 127 அடித்து, 339 என்ற இலக்கைக் கடக்க வைத்தார். ஆட்டம் முடிந்ததும் இயேசுவுக்கு நன்றி சொன்னார். அசையாமல் நில், தேவன் உனக்காகப் போராடுவார் என்ற வேத வார்த்தையைச் சொல்லிக்கொண்டே ஆடியதாகச் சொன்னார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அதற்காக, "ஜெபித்தார், அதனால் ஜெயித்தார்" என்று சூத்திரமாக்குவது தவறு. இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் லாரா வோல்வார்ட் 101 அடித்தும் தோற்றார். தோற்ற அணியிலும் ஜெபிக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய இரட்சிப்பில் ஒரு குண்டுமணி குறையாது.

எதிரணியைச் சாத்தானாக்கிப் பேசுவதும் எனக்கு ஆகாது. பாகிஸ்தானோடு ஆட்டம் நடந்த வாரத்தில் இப்படிப் பேசினால் மனது வலிக்கும். எங்கள் சபையின் திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடம் செய்த, மார்ட்டின் லுத்தர் எழுதிய விசுவாசப் பாடமான ஞானோபதேசத்தில் எதிரிகள் யார் என்று இருக்கிறது: பாவம், மரணம், பிசாசு. மனிதர் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை.

கடைசியாக, கோப்பையை மறுபடி மறுபடி ஜெயிக்க வேண்டும். 1983-இல் வென்றவர்கள் 1987-இல் மும்பையில் அரையிறுதியிலேயே இங்கிலாந்திடம் தோற்று வெளியேறினார்கள். கிறிஸ்துவின் பலியோ ஒரேதரம் என்று எபிரெயர் நிருபம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதனால் எந்த ஆட்டத்தை உதாரணம் காட்டினாலும் இந்த இடத்தில் அதை விட்டுவிட்டு வேதத்துக்கு வந்துவிடுங்கள். நீங்கள் கேட்டது வாலிபர் கூட்டத்துக்காக என்றால், கபடி ஆடுகிற பிள்ளை யாராவது உங்கள் சபையிலும் இருப்பார். அந்த விதிகளை அவரையே எழுந்து சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் எபேசியர் 2-ஐ வாசித்தால் போதும்.