மாம்பழப் பெட்டியில் ‘பிக்’ எழுதுவதா, ‘லார்ஜ்’ எழுதுவதா?

கேள்வி: எங்களுக்குக் கிருஷ்ணகிரி பக்கம் மாங்காய் மண்டி இருக்கிறது. வெளிமாநில வியாபாரிகளுக்கு மெயில் எழுதுவது என் வேலை. ‘பிக் சைஸ் மேங்கோ’ என்று எழுதியிருந்தேன். மும்பை வியாபாரி ஒருவர் அதை ‘லார்ஜ்’ என்று திருத்தி அனுப்பினார். இரண்டுக்கும் பெரியது என்றுதானே அர்த்தம்? எதை எங்கே எழுதுவது?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: அவர் திருத்தியது சரி. பெட்டி, பில், விலைப்பட்டியல் எல்லாவற்றிலும் ‘லார்ஜ்’ என்றே போடுங்கள். ஸ்மால், மீடியம் என்று அளவுவாரியாகப் பிரித்தால் அடுத்து வரவேண்டியது லார்ஜ்தான். சட்டைக் காலரில் இருப்பதும் அதுவே. பேச்சில் ‘பிக் மேங்கோ’ தாராளமாகச் சொல்லலாம். கூடவே ஒட்டிக்கொள்ளும் ‘சைஸ்’ மட்டும் வேண்டாம், ‘லார்ஜ் மேங்கோஸ்’ போதும்.

இந்தச் சொற்கள் வந்த வழியைப் பார்த்தால் வித்தியாசம் மனதில் நிற்கும். லத்தீனில் ‘லார்கஸ்’ என்றால் ஏராளமான, வாரி வழங்குகிற என்று பொருள். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது முதலில் கொடைக்குணம் உள்ளவரைத்தான் லார்ஜ் என்றார்கள். தாராளமான கொடைக்கு ‘லார்ஜெஸ்’ என்ற சொல் இன்றும் இருக்கிறது. உருவ அளவைக் குறித்தது பிறகுதான். அதே வேர் இன்றைய பிரெஞ்சில் அகலத்தையும் ஸ்பானிஷில் நீளத்தையும் குறிப்பது எனக்கு எப்போதும் வியப்பு. ஏராளம் என்ற அந்தப் பழைய வாசனை ஆங்கிலத்தில் இன்னும் போகவில்லை. அதனால் குவான்டிட்டி, நம்பர், அமவுன்ட் ஆகியவற்றுக்கு முன்னால் லார்ஜ் போட்டால்தான் எழுத்தில் இயல்பாக இருக்கும்.

‘பிக்’ எங்கிருந்து வந்தது என்பது தெளிவில்லை. 1300 வாக்கில் வட இங்கிலாந்து எழுத்துகளில் தலைகாட்டுகிறது; ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்பது அறிஞர்களின் ஊகம். தொடக்கத்தில் அதற்கு வலிமையான என்று பொருள். இன்றும் பலம், முக்கியத்துவம், வயது என்று வரும் இடமெல்லாம் அதற்குத்தான். பிக் பிராப்ளம், பிக் டிசிஷன் என்போம். அக்காவை ‘பிக் சிஸ்டர்’ என்று அறிமுகப்படுத்துங்கள். ‘லார்ஜ் சிஸ்டர்’ என்றால் அவர் உடம்பைச் சொன்னதாகிவிடும், வருத்தப்படுவார்.

‘அட் லார்ஜ்’ என்ற தொடரில் மட்டும் கவனம் வேண்டும். அதற்கு இன்னும் பிடிபடாமல் திரிகிற என்று பொருள். தேன்கனிக்கோட்டை பக்கம் யானை ஊருக்குள் வந்துவிட்டால் ஆங்கிலச் செய்தியில் எழுதத் தகுந்த தொடர் அது. சரக்கு நிறைய இருக்கிறது என்பதற்கு ‘லார்ஜ் ஸ்டாக்’ என்று எழுதுங்கள்.

வியாபாரத்துக்கு முக்கியமான ஒன்று: நீலம் ரக மாங்காய் வாங்கிப் பழகியவருக்குப் பெங்களூரா ரகம் எல்லாமே லார்ஜாகத்தான் தெரியும். அதனால் ரகத்தின் பெயரையும், ஒரு காய் எத்தனை கிராமிலிருந்து எத்தனை கிராம் வரை என்பதையும் லார்ஜ் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மாங்கூழ் ஆலைக்குப் போகும் லோடுக்கு இந்தச் சொல்லே தேவைப்படாது. ரகம், பழுத்த பக்குவம், எத்தனை டன் என்று எழுதினால் போதும்.