"அவர்கள் எல்லாரும் அப்படித்தான்" என்று ஒரு மாணவன் சொன்னால்...

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் தரம் 10 மாணவர்களுக்குக் குடியியற் கல்வி கற்பிக்கிறேன். 2019இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்த உயிர்த்த ஞாயிறு தாக்குதலைப் பற்றிய பேச்சு வந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "அவங்கள் எல்லாரும் அப்படித்தான் டீச்சர்" என்றான். வகுப்பில் இருக்கும் இரண்டு முஸ்லிம் மாணவிகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் அவனை அதட்டி உட்காரவைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். இப்படிப்பட்ட விடயங்களை வகுப்பில் எவ்வாறு பேசுவது?
– பெயர் குறிப்பிட விரும்பாத ஆசிரியை

பதில்: அதட்டியதில் பிழையில்லை, அம்மா, அந்தப் பேச்சை அதோடு விட்டதுதான் குறை. அதட்டு வாங்கிய மாணவன் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்வதில்லை. உங்கள் காதுக்கு எட்டாத இடத்தில், ஆமாம் போடுகிறவர்கள் நடுவே, அதையே மறுபடியும் சொல்வான்.

முதலில் அந்த மாணவிகளிடம் தனியே ஆறுதலாகப் பேசுங்கள். வகுப்பில் அவர்களைப் பார்த்து, "நீங்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு சமூகத்துக்காக எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாணவனையும் தனியே அழைத்து, இதை எங்கே கேட்டான் என்று விசாரியுங்கள். உங்கள் மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்தில் அந்தத் தாக்குதலில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறுவர்கள். அவர்களில் ஒருவர் அவனுடைய உறவாகவோ அயலாகவோ இருந்திருக்கலாம். துக்கத்திலிருந்து வந்த சொல்லுக்கும் கைபேசியிலிருந்து வந்த சொல்லுக்கும் ஒரே மறுமொழி பொருந்தாது.

பாடத்தைக் குண்டுவெடிப்பிலிருந்து தொடங்காமல், ஒரு கொத்து ரொட்டியிலிருந்து தொடங்கலாம். 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில், சாப்பாட்டில் கிடந்த சிறு கட்டியைக் காட்டி, சிங்களவர்களை மலடாக்கும் மாத்திரையைக் கலந்துவிட்டதாகச் சிலர் கூச்சலிட்டார்கள். கடை நொறுக்கப்பட்டது; பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பின்னர் அரசாங்கப் பரிசோதனையில் அது வெறும் மாவுக் கட்டி என்று தெரியவந்தது. அப்படி நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை ஒன்று மருத்துவத்திலேயே இல்லை. இந்தச் சம்பவத்தை முடிவைச் சொல்லாமல் கரும்பலகையில் படிப்படியாக எழுதி, ஒவ்வொரு படியிலும், "இந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் யாரிடம் என்ன கேட்டிருப்பீர்கள்?" என்று கேளுங்கள். சம்பந்தப்பட்டவர்களில் தமிழ்ப் பிள்ளைகள் இல்லாததால் உங்கள் மாணவர்கள் தற்காப்பு இல்லாமல் யோசிப்பார்கள் என்பதுதான் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம்.

அதன் பிறகே "எல்லாரும்" என்ற சொல்லுக்கு வாருங்கள். உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானைப் பற்றி, அதற்கு முன்பே அதிகாரிகளிடம் முறையிட்டவர்கள் காத்தான்குடி முஸ்லிம்கள். குண்டுதாரிகளின் உடல்களை ஏற்று அடக்கம் செய்ய முடியாது என்று அறிவித்தது முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் அமைப்பான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா. அப்படியிருந்தும் 2019 மே மாதம் வடமேல் மாகாணத்தில், எந்தக் குற்றமும் செய்யாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. இவற்றை வரிசையாக வைத்துவிட்டு, அந்தச் சொல் பொருந்துகிறதா என்ற முடிவை மாணவர்களிடமே விடுங்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிழக்கு மாகாணத்தில் சகிப்புத்தன்மையைப் பற்றிப் பேசும் ஆசிரியர் 1990ஐ ஒதுக்கிவைத்துவிட்டுப் பேச முடியாது. அந்த ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். உங்கள் மாணவர்களின் வீடுகளில் இவற்றில் ஒன்று பேசப்படும், மற்றது பேசப்படாது. நீங்கள் இரண்டையும் ஒரே குரலில், ஒரே பாடவேளையில் சொல்லுங்கள். எது பெரிது என்ற வாதம் எழுந்தால் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்தவரை, பிள்ளைகள் ஆசிரியரை நம்பத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

எழுந்து கேட்கத் தயங்கும் பிள்ளைகளுக்காகக் கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கி, பெயர் எழுதாத சீட்டுகளில் கேள்விகளை வாங்குங்கள். உடனே பதில் தெரியாததை அடுத்த வகுப்பில் சொல்வதாகச் சொல்லி, தவறாமல் சொல்லுங்கள். அதிபரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள், பெற்றோர் யாரும் வந்து கேட்டால் நீங்கள் தனியே நிற்க நேராது. கொலையைப் புகழ்ந்து பேசும் மாணவன் யாரும் இருந்தால், அது வகுப்பில் வாதிடும் விடயமன்று; ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரையும் வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு, அவனை வெளியே தள்ளாமல் பேச வேண்டிய விடயம்.