மாடி வலையில் ஏறிய பாகல், பீர்க்கில் பிஞ்சு நிற்கவில்லையே?

கேள்வி: திருச்சியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். சுவரோரம் 4 அடி அகலம், 12 அடி நீளம்தான் இடம். நைலான் வலை கட்டி, 12க்கு 12 அங்குலப் பைகளில் பாகலும் பீர்க்கும் பைக்கு மூன்று செடி வீதம் விட்டிருக்கிறேன். வாரம் தவறாமல் கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். கொடி தழையத் தழைய வளர்கிறது, ஆனால் பிஞ்சு விரல் நுனி அளவிலேயே மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. அப்புறம், பிவிசி குழாயில் துளை போட்டுக் கத்தரி, தக்காளி வைக்கலாமா?

பதில்: உதிர்ந்த பிஞ்சு ஒன்றை நீளவாக்கில் கீறிப் பாருங்கள் அம்மா. உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. அப்படியானால் மகரந்தம் சேர்ந்த பிஞ்சுகளுக்கு மெல்லிய துணிப்பையோ காகிதப் பையோ மாட்டிவிடுங்கள். விழுந்தவற்றைச் செடியடியில் கிடக்கவிடாமல் அன்றன்றே அப்புறப்படுத்துங்கள். உள்ளே சுத்தமாக இருந்து, பூ இருந்த முனையிலிருந்து மஞ்சளித்துச் சுருங்கியிருந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இதுதான் காரணமாக இருக்கும். மூன்றாம் மாடிக்குத் தேனீ வருவது குறைவு.

அந்த வேலையை நீங்களே செய்துவிடலாம். பூவுக்குப் பின்னால் குட்டிப் பாகற்காய் போலவே பிஞ்சு ஒட்டியிருந்தால் பெண் பூ. வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவே மெதுவாகத் தடவுங்கள். நேரம்தான் முக்கியம். பாகல் விடியலில் பூக்கும். காலை 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். பீர்க்கு சாயங்காலம் பூக்கும், அதற்கு இருட்டுகிற நேரத்தில் போக வேண்டும். பலர் இரண்டுக்கும் காலையிலேயே தொட்டுவிட்டு, பீர்க்கு மட்டும் காய்க்கவில்லை என்கிறார்கள்.

கை வைத்தும் பிஞ்சு நிற்கவில்லை என்றால் குறை வேரில் இருக்கிறது. வலை கட்டித் தரையில் இடத்தை மிச்சப்படுத்தலாம், வேருக்கான இடத்தில் மிச்சம் பிடிக்கவே முடியாது. 12க்கு 12 பையில் சுமார் 20 லிட்டர் மண்தான் பிடிக்கும். அதில் மூன்று கொடி என்றால் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியமே தீர்ந்துவிடும், வாடுகிற கொடி முதலில் பிஞ்சைத்தான் கைவிடும். நல்ல செடி ஒன்றை மட்டும் விட்டு மற்ற இரண்டையும் அடியோடு கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் நிற்கிற செடியின் வேரும் அறுந்துபோகும். வெயில் நாளில் காலையும் மாலையும் தண்ணீர் விடுங்கள். அடுத்த பட்டத்துக்கு 15க்கு 15 பை வாங்குங்கள், அதில் இரண்டு மடங்கு மண் பிடிக்கும். நனைந்தால் நல்ல கனமாகிவிடும் என்பதால் சுவரை ஒட்டியே வரிசையாக வையுங்கள்.

புண்ணாக்குக் கரைசலை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். தழைச்சத்து கூடினால் இலையும் ஆண் பூவுமாகத்தான் வரும். கொடி வலையின் உச்சியைத் தொட்டதும் நுனியைக் கிள்ளுங்கள். பாகலில் பக்கக் கிளைகளில் பெண் பூ அதிகம் வரும்.

குழாய் யோசனை கத்தரிக்கும் தக்காளிக்கும் வேண்டாம். நாலு அங்குலக் குழாயில் அவற்றின் வேர் நெருக்குண்டுவிடும், மேலே ஊற்றும் தண்ணீரும் எல்லாத் துளைக்கும் சமமாகப் போகாது, வெயிலில் குழாய் சூடாகி வேர் வெந்துவிடும். அரை நிழலான மூலை இருந்தால் அதில் குழாயை நிறுத்திப் புதினா, வெந்தயக்கீரை போடுங்கள், நன்றாக வரும். தக்காளிக்குத் தனிப் பையும் ஒரு மூங்கில் குச்சியும் போதும். பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு ஒரே தண்டாக மேலே கட்டிக்கொண்டே போனால் ஓரடி அகலத்திலேயே அடங்கிவிடும். ஆடிக் காற்று தொடங்குவதற்கு முன் வலையின் நாலு மூலைக் கட்டையும் இறுக்கிப் பாருங்கள். காய் பிடித்த கொடி நல்ல கனம், கட்டு தளர்ந்திருந்தால் வலையோடு சாய்த்துவிடும்.