தகவல் வந்துவிட்டது, கணக்கு ஒத்துவரவில்லை

தம்பலகாமம் பக்கத்துக் கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளர் கேட்கிறார்: "எங்கள் பிரிவில் கடந்த ஐந்து வருடத்தில் புனரமைத்த குளங்களின் விபரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டோம். மங்கலான போட்டோகொப்பி ஒன்று தந்தார்கள். வரிசையில் 9 குளம், அடியில் மொத்தம் 11 என்று இருக்கிறது. மண்வெட்டியே படாத ஒரு குளத்துக்குப் 'பூர்த்தி' என்று போட்டிருக்கிறது. இதை வைத்து நாங்கள் என்ன செய்யலாம்?"

நிறையச் செய்யலாம். முதலில், வந்த கொப்பியில் கோடோ வட்டமோ போடவேண்டாம். இன்னொரு பிரதி எடுத்து அதில் போடுங்கள். கடித உறையையும் கிடைத்த திகதியையும் பத்திரப்படுத்துங்கள். மேன்முறையீட்டுக்கு 14 நாள்தான் இருக்கிறது.

அடுத்தது, களவு என்ற முடிவுக்கு உடனே போகாதீர்கள். அது களவாகவும் இருக்கலாம். ஆனால் குளக் கணக்கு பிழைப்பதற்கு வேறு வழிகளும் உண்டு. 80 ஹெக்டயர், அதாவது ஏறத்தாழ 200 ஏக்கர் வரை பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை மத்திய அல்லது மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் போகும். இரண்டு இடத்துப் பட்டியலை ஒட்டி ஒரு மொத்தம் எழுதினால் 9 எப்படியோ 11 ஆகிவிடும். நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, பெரும்போகமோ இரண்டு வருடத்தில் கால் வைக்கிறது. 2022/23 போகத்து வேலையை ஒருவர் 2022இல் எழுதுவார், மற்றவர் 2023இல் எழுதுவார்.

பெயர்தான் பெரிய தலையிடி. முதலிக்குளம் பதிவில் மொறவெவ, தம்பலகாமம் தம்பலகமுவ. பெரிய ஊர்களுக்கே இப்படியென்றால் காட்டோரத்துச் சின்னக் குளத்தின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா? ஒருமுறை வேறொரு பிரிவின் பட்டியலை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வரி வரியாக வாசித்தேன். ஏழாவது வரி வந்ததும், வயலுக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பார்க்கும் வயதான வட்டவிதானை ஒருவர் கையைத் தூக்கினார். "தம்பி, இது நீ நாலாவதாகச் சொன்ன குளம்தானே?" திருப்பிப் பார்த்தேன். ஒரு வரியில் தமிழ்ப் பெயர், பரப்பு 40. மற்றதில் சிங்களப் பெயர் தமிழ் எழுத்தில், பரப்பு 16. 40 ஏக்கர் என்பது 16 ஹெக்டயருக்குக் கொஞ்சம் கூட. ஒரே குளம், இரண்டு பெயர், இரண்டு அளவை. நீங்களும் பட்டியலை அப்படியே கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். இதைவிட நல்ல சரிபார்ப்பு எனக்குத் தெரியாது.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஒத்துவராத வரிகள் மிஞ்சும். அவற்றுக்கு மட்டும் இரண்டாவது விண்ணப்பம் போடுங்கள். "ஏன் இப்படி?" என்று கேட்டால் விளக்கம் வரும், ஆவணம் வராது. "இன்ன குளத்தின் மதிப்பீடு, ஒப்பந்தம், வேலை அளவீட்டுப் பதிவு, பூர்த்தி அறிக்கை, கொடுப்பனவு வவுச்சர் ஆகியவற்றின் பிரதிகள்" என்று கேளுங்கள். குளப் பெயரோடு கிராம அலுவலர் பிரிவின் இலக்கத்தையும் எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, சட்டமே அதைக் கேட்கக்கூடாது என்கிறது. தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் பெறுவது உங்கள் உரிமை.

பட்டியலை எக்செல் கோப்பாகத் தரும்படி தனி வரியில் கேளுங்கள். மூல ஆவணம் பழுதாகும் என்ற நிலை இல்லாவிட்டால், கேட்ட வடிவத்திலேயே தகவலைத் தரவேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கோப்பைத் திறந்ததும் எழுத்தெல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் அது பாமினி எழுத்துருவில் தட்டியது. பாமினியை யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. இலக்கங்களுக்கு ஒன்றும் ஆகாது.

'பூர்த்தி' விடயத்துக்கு வருகிறேன். எனக்கு மனம் கொதிப்பது இந்த இடத்தில்தான். சில கோப்புகளில் பூர்த்தி என்றால் காசு கொடுத்து முடிந்தது என்று மட்டும்தான் அர்த்தம். துருசு (தண்ணீர் திறந்துவிடும் மடை) போட்டதா, வான் (மிகை நீர் வழியும் இடம்) கட்டியதா என்பது அந்தச் சொல்லில் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லால் அடுத்த வருடப் பட்டியலிலிருந்து அந்தக் குளம் விழுந்துவிடும், கீழ்வயல் காய்ந்துவிடும். ஆகவே குளக்கட்டு, துருசு, வான் மூன்றையும் திகதி விழும்படி படம் எடுத்து, அளவீட்டுப் பதிவோடு ஒப்பிடுங்கள்.

14 வேலை நாளுக்குள் தகவல் அலுவலர் முடிவைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால், அல்லது மறுபடியும் அரைகுறையாக வந்தால், அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். மறுத்தால் மட்டும்தான் மேன்முறையீடு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முழுமையற்ற, தவறாக வழிநடத்துகிற, பொய்யான தகவலைத் தந்ததும், கேட்ட வடிவத்தில் தர மறுத்ததும் சட்டம் ஏற்கும் காரணங்கள்தான். உங்கள் 9க்கும் 11க்கும் இடையிலான வித்தியாசத்தை அந்தச் சொற்களிலேயே எழுதுங்கள். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

இனி வரும் வேலைகளுக்கு இவ்வளவு அலைச்சல் வேண்டாம். உள்நாட்டு நிதியில் 500,000 ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமென்றால், தொடங்க மூன்று மாதம் முன்பே விபரத்தை மக்களுக்கு அறிவிக்கும் கடமை அமைச்சருக்கு உண்டு. அடுத்த குளத்துக்கு இயந்திரம் வந்து இறங்குமுன் மதிப்பீட்டைக் கேட்டு வாங்கி, உங்கள் அமைப்பின் கூட்ட மண்டபச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.