இன்டர்ரெயில் பாஸோடு பேர்லினுக்கும் போகலாமா?

கேள்வி: ஜேர்மனியின் ஹம் நகரில் வதிவிட அனுமதியோடு இருக்கிறேன், கடவுச்சீட்டு இலங்கையினுடையது. கோடை லீவில் ஐந்து நாள் இன்டர்ரெயில் பாஸ் (தெரிந்தெடுக்கும் நாட்களில் பல ஐரோப்பிய நாடுகளுக்கு ரயிலில் போகும் சீட்டு) எடுத்து, பாரிஸில் சித்தப்பா வீட்டுக்குப் போய் வந்து, பிறகு சூரிச்சில் அக்காவிடம் போய்த் திரும்பி, மிஞ்சும் ஒரு நாளில் பேர்லினும் பார்க்க எண்ணம். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் அம்மாவுக்கும் இதே பாஸ் சரிவருமா?

பதில்: இந்தத் திட்டத்தோடு பாஸ் வாங்கிவிடாதீர்கள். வசிக்கும் நாட்டுக்குள் இன்டர்ரெயில் இரண்டே பயணங்களைத்தான் தரும்: வெளியேற ஒன்று, திரும்பி வர ஒன்று. கணக்கில் எடுப்பது வதிவிடத்தை. கடவுச்சீட்டு எந்த நாட்டினுடையது என்பதை அல்ல. ஆக, உங்களுக்கு ஜேர்மனிதான் சொந்த நாடு. பாரிஸிலிருந்து ஹம்முக்குத் திரும்பியதுமே இரண்டும் முடிந்துவிடும். சூரிச்சுக்குப் புறப்படும்போது சுவிஸ் எல்லை வரை தனி ரிக்கெற் எடுக்க வேண்டியிருக்கும்.

இடையில் வீட்டுக்கு வராமல் வட்டமாகச் சுற்றுங்கள். ஹம்மிலிருந்து கொலோன், அங்கிருந்து யூரோஸ்டார் விரைவு ரயிலில் பிரசல்ஸ் வழியாகப் பாரிஸ். பாரிஸின் கார் து லியோன் நிலையத்திலிருந்து டிஜிவி லிரியா விரைவு ரயிலில் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் சூரிச். பாசல் வழியாக வீடு. மூன்றே பயண நாட்கள் போதும். நான்கு நாள் பாஸ் எடுங்கள். மிஞ்சும் நாளை அக்காவோடு சுவிஸுக்குள் செலவழியுங்கள். ரயில் கட்டணம் அங்கே கடுமை என்பதால் பாஸின் பெறுமதி அன்றைக்குத்தான் தெரியும்.

யூரோஸ்டாருக்கும் லிரியாவுக்கும் பாஸ் மட்டும் போதாது, இருக்கைப் பதிவுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். பாஸ்காரருக்கு ஒதுக்கும் இடங்கள் குறைவு. லீவுக் காலத்தில் வேகமாகத் தீர்ந்துவிடும். பாஸ் வாங்குமுன் அந்த இரண்டு ரயில்களிலும் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கூடவே, முன்கூட்டி எடுக்கும் மலிவு ரிக்கெற்றுகளின் விலையையும் கூட்டிப் பாருங்கள். மூன்று நீண்ட பயணம் மட்டுமென்றால் சிலவேளை அவையே லாபம்.

பேர்லினை இந்தப் பாஸில் சேர்க்க ஒரு வழி உண்டு. வெளியேறும் பயணம் உங்கள் ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றில்லை. மலிவு ரிக்கெற்றில் முதலில் பேர்லின் போய், பார்த்து முடித்து, அங்கிருந்தே பாரிஸுக்குப் பாஸைத் தொடங்கலாம். டொய்ச்லான்ட் ரிக்கெற் (ஜேர்மனி முழுவதும் உள்ளூர், பிராந்திய ரயில்களுக்கான மாதச் சீட்டு) கையில் இருந்தால் அதிலும் போகலாம். ஆனால் அதில் ஐ.சி.இ. விரைவு ரயிலில் ஏற முடியாது, பிராந்திய ரயில்களில் மாறி மாறிப் போவதற்குள் பகல் முழுக்கக் கழிந்துவிடும். வயதானவரைக் கூட்டிக்கொண்டு அப்படிப் போக வேண்டாம்.

அம்மாவுக்கு இன்டர்ரெயில் கிடைக்காது. ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில் பாஸ். உங்களுக்குள்ள உள்நாட்டுத் தடை அவருக்கு இல்லை. பயண நாட்களில் ஜேர்மனிக்குள்ளும் தாராளமாகப் போய் வரலாம். பாஸ் எடுக்கும்போது வதியும் நாடு இலங்கை என்றே பதியுங்கள், வழியில் அவர் கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருக்கட்டும். நீங்கள் கடவுச்சீட்டோடு வதிவிட அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள், பரிசோதகர் கேட்கக்கூடும்.