வயதான சர்க்கரை நோயாளிகள் உடல் எடையைக் குறைக்க வேண்டுமா? அதனால் வாழ்க்கை எளிதாகுமா?

இங்கே எளிதான வாழ்க்கை என்பது சுகர் ரிப்போர்ட்டில் வரும் எண் மட்டுமல்ல. கைப்பிடி இல்லாமல் நாற்காலியை விட்டு எழுவது, கழிப்பறைக்குத் தனியாகப் போய்வருவது, விழாமல் நடப்பது, இதெல்லாம்தான்.

அதிக எடை இருந்தால் முழங்கால் வலிக்கும், மூச்சு வாங்கும், இன்சுலினும் சரியாக வேலை செய்யாது. அதனால் குண்டாக இருப்பவர்கள் கொஞ்சம் குறைத்தாலே நடை இலகுவாகும். ஆனால் 70 வயதுக்கு மேல் எந்த எடை குறைகிறது என்பதுதான் முக்கியம். வயதானால் தசை தானாகவே கரையும். சர்க்கரை நோய் அதை வேகப்படுத்தும். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வதும் தசைதான். அது போனால் பலமும் போகும், சுகரும் ஏறும்.

மாட்டு வண்டியில் மூட்டையை இறக்கினால் மாட்டுக்குச் சுகம். மாட்டின் தீனியைக் குறைத்தால் வண்டியே நகராது. கொழுப்பு மூட்டை, தசை மாடு.

இரவில் ரெண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். தசைக்குப் புரதம் வேண்டும், அதனால் முட்டை, சுண்டல், மீன், தயிர் என்று ஏதாவது சேரட்டும் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் கேட்டு). அப்புறம், நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி தினமும் வேண்டும்.

“ஆள் மெலிந்துவிட்டார், சுகர் கட்டுப்பாட்டில் இருக்கிறது” என்று பலர் நினைக்கிறார்கள். முயற்சி செய்யாமலே எடை இறங்கினால், சுகர் மிக அதிகமாக இருப்பதற்கும் அது அறிகுறியாக இருக்கலாம், உடனே டாக்டரைப் பாருங்கள்.